மயில் கழுத்தில் ஓர் ஓட்டை

மதுரையில் இறங்கிய பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மயில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கழுத்தில் ஓட்டையோடு, என்னை முறைத்துக்கொண்டு.

நான் கடல் தாண்டி, பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். ஊசி போடுவேன், மருந்து கலக்குவேன், கள்ளுக்கடையில் மண்டை உடைந்து வருகிறவர்களுக்குத் தையல் போடுவேன், போடும்போதே புகை பிடிக்காதே, குடிக்காதே என்று பிரசங்கமும் செய்வேன். கோயில் கமிட்டியிலும் இருக்கிறேன். திருவிழாவுக்கு மைக் பிடிப்பது நான்தான். ஊரைச் சிரிக்கவைப்பது என் உபதொழில்.

எங்கள் மாரியம்மன் தேரின் நான்கு மூலையிலும் தொம்பை தொங்கும். தலையணை உறையைத் தூணுக்கு மாட்டிவிட்டது போல உருண்டு நீண்ட அலங்காரத் துணி. துணி மேல் துணியை வெட்டி வைத்து, ஓரமெல்லாம் நூலால் பூத்தையல் போட்ட வேலை. அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து கப்பலில் வந்தது. அதில் ஒரு மயிலின் கழுத்தில்தான், பயணத்துக்கு முந்தின மாதம் ஒரு மத்தியானம், தேர்க் கொட்டகையில் மனைவிக்குத் தெரியாமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த நான், யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டுச் சுருட்டை மறைத்தேன். எங்கே மறைத்தேன் என்பது நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது.

கமிட்டி கூடியது. வெள்ளோட்டம் விட்ட அன்றைக்குத் தீவட்டியிலிருந்து பொறி பறந்திருக்கும் என்று தலைவர் முடிவு கட்டினார். தீவட்டி பிடிப்பவர் முனியாண்டி அண்ணன். இருபது வருஷமாகத் தேருக்கு முன்னால் நடப்பவர். இந்த வருஷம் அவர் தீவட்டியைத் தொடக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனார். நான் வாய் திறந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. முனியாண்டி அண்ணனுக்கு இனி டார்ச் லைட்தான் என்று ஜோக் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், தொம்பையை மதுரைக்கே கொண்டுபோய்ச் சரிசெய்து வருகிறேன் என்று கையைத் தூக்கினேன். என் தாராள மனதைப் பாராட்டி மாலை போட்டார்கள். ரோஜா மாலை. கழுத்து அரித்தது.

ஆக, என் திட்டம் எளிது. ஆறு நாளில் ஓட்டை இருந்த தடமே தெரியாமல் தைத்து வாங்குவது. ஓட்டை போனால் பேச்சும் போகும். அடுத்த வருஷம் முனியாண்டி அண்ணனுக்கு எப்படியாவது தீவட்டியை வாங்கிக் கொடுத்துவிடலாம். கோழை போடும் திட்டத்தில் எப்போதும் ஓர் அடுத்த வருஷம் இருக்கும்.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இந்த ஊரில் கறிச்சோற்றுக் கடை என்றால் பாதிக்கு முனியாண்டி பெயர்தான். தெருவின் இந்தப் பக்கம் முனியாண்டி, அந்தப் பக்கம் முனியாண்டி, மூலையில் அசல் முனியாண்டி. எல்லாப் பலகையும் என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. பயந்துபோய் ஒரு சைவக் கடையில் நுழைந்து நான்கு இட்லி தின்றேன். சட்னி மட்டும் நான்கு நிறத்தில் வந்தது. எங்கள் ஊரில் ரொட்டி சானாய்க்குக் கொஞ்சம் குழம்பு கூடக் கேட்டால் கடைக்காரர் நம் குலம் கோத்திரம் விசாரிப்பார். இங்கே கேட்பதற்கு முன்பே இலையில் ஊற்றிவிட்டு, போதும் என்றால் மனசு சங்கடப்படுகிறார்கள்.

சாயந்திரம் மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபம் போனேன். கல் யாளிகளின் காலடியில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய மாதம். குடை, தொம்பை, அழகர் கோயில் வேண்டுதல்காரர்களின் உடுப்பு என்று சரிகையும் சாட்டினும் மலையாகக் கிடந்தன. ஒரு தையல்காரரிடம் மயிலைக் காட்டினேன். பார்த்துவிட்டு, மயிலையே எடுத்துவிட்டு அச்சு அசலாக வேறு மயில் வைத்துவிடலாம், பெற்ற தாய்க்கும் தெரியாது என்றார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு அவர் பக்கத்து மிஷின்காரரிடம் உருதில் ஏதோ சொல்ல, இருவரும் அடக்கமாகச் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றார் டீக்காரர். "சார் மூஞ்சியப் பாத்தா சாரேதான் சுட்டிருப்பாரு போலன்னு சொல்றாக."

நானும் சிரித்தேன். வியர்வையைத் துடைப்பது போல முகத்தையும் மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் தையல்காரர் தொம்பையைத் திருப்பினார். அடியோரத்தில் கறுப்பு நூலில் ஒரு முள்ளின் உருவம் தைத்திருந்தது. கருவேலமுள், அச்சாக. எங்கள் தோட்டத்தில் யாரும் அதைக் கவனித்ததில்லை. அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். இது ஒச்சம்மாள் வேலை, இதில் நாங்கள் கை வைப்பதில்லை, காளவாசலில் அந்தம்மாவின் மருமகள் பேச்சியம்மாள் இருக்கிறார், அங்கே போங்கள் என்றார். பக்கத்துக் கடைக்குப் போனேன். அவரும் முள்ளைப் பார்த்ததும் கையை எடுத்தார். அதற்கடுத்த கடைக்காரர் நான் வருவதைப் பார்த்தே காளவாசல் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

மறுநாள் காலை காளவாசல். லாரி, பஸ், சைக்கிள், மாட்டுவண்டி நான்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கடக்க விரும்பும் ஊர் அது. ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அழிந்துபோகும் கலையைக் காப்பாற்ற வந்த வெளிநாட்டுக் கனவான் போல ஒரு முகபாவத்தை நான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வேலை குவிந்துகிடந்தது. உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை.

பேச்சியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். மயிலை வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார், ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார்.

"எது சுட்டுச்சுண்ணே?"

தீவட்டி என்றேன்.

"தீவட்டிப் பொறின்னா செதறி விழும். நாலஞ்சு எடத்துல பொத்துருக்கும். எண்ணெக் கறையும் இருக்கும். இது ஒத்த ஓட்டை. அழுத்தி வச்சாப்புல வட்டமா இருக்கு."

மாடு முட்டிவிட்டது என்று சொல்லி வரும் குடிகாரர்களிடம், எந்த மாடு பாட்டிலால் முட்டும் என்று கேட்பவன் நான். அந்தக் கேள்வியை எதிர்ப்பக்கத்தில் நின்று வாங்குவது இதுதான் முதல் தடவை. காற்று அப்படி வீசியது, தீவட்டி அந்த மாதிரி என்று என்னென்னவோ உளறினேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. தன் மாமியார் வழக்கத்தைச் சொன்னார். ஒச்சம்மாள் கெட்டுப்போன துணியை மாற்ற மாட்டார், மறைக்கவும் மாட்டார். எது கெடுத்ததோ அதையே அந்த இடத்தில் தைப்பார். எலி கடித்தால் எலி. சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தால் சக்கரம். கெடுத்தவர் யாரோ அவர் கைதான் முதல் தையல் போட வேண்டும். எலியாக இருந்தால்? எலி வரும்படி விட்ட பூசாரி போட வேண்டும்.

"தீவட்டின்னா தீவட்டி தச்சுத் தாரேன். ஆனா அதப் புடிச்ச ஆளு வந்து மொதத் தையல் போடணும். கூட்டியாந்திருக்கீகளா?"

அவர் கடல் தாண்டி இருக்கிறார் என்றேன்.

"அப்ப துணி இங்க இருக்கட்டும். அவரு வாரப்ப வரட்டும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் கெஞ்சினேன், சிரிப்புக் காட்டினேன், ஆஸ்பத்திரி ஜோக்குகளில் சிறந்த மூன்றைச் சொன்னேன். தைக்கும் பெண்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

அவர் கணவர் செல்லக்கண்ணு, ஒச்சம்மாளின் மகன், பஸ் கண்டக்டர். அன்றும் மறுநாளும் அவருக்கு ஓய்வு. என்மேல் பரிதாபப்பட்டு வெளியே அழைத்துப்போய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். பருத்திக்கொட்டையில் பால் எடுக்க முடியும் என்று கண்டுபிடித்த ஊரில் என் பொய் எத்தனை நாள் தாங்கும் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். இஞ்சியும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, அவர் வீட்டுக் கதையைச் சொன்னார். அம்மா இருந்தவரைக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு நாளும் ஆகாதாம். பேச்சி போட்ட தையலை அம்மா பிரிப்பாளாம், பேச்சி அழுதுகொண்டே திரும்பப் போடுவாளாம். இந்த வழக்கமெல்லாம் கிறுக்குத்தனம், கிராக்கி ஓடிப்போகும் என்று சண்டை போட்டதும் பேச்சிதானாம்.

"இப்ப எங்கம்மாவ விட இவ மோசம்ணே. அந்தம்மாவாச்சும் சில சமயம் விட்டுக்குடுக்கும்." பிறகு, என்ன தோன்றியதோ, நாளைக்குக் காலையில் தன் ஊருக்கு வாருங்கள், அங்கே ஒன்று பார்க்க வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் மேற்கே பஸ்ஸில் போனோம். ஜன்னல் ஓரத்தில் நான், என் மடியில் யாருடைய முருங்கைக்காய்க் கட்டோ, காலடியில் இரண்டு கோழி. நகரம் தாண்டியதும் வெளியெல்லாம் கருவேலமும் வெயிலும். எங்கள் தோட்டத்தில் தினமும் மழை பெய்யும், சட்டை காய மூன்று நாள் ஆகும். இங்கே வியர்வை வெளியே வரும் முன்பே காய்ந்துவிடுகிறது. பாதி வழியில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நான் பயந்த அளவுக்கு வேறு யாரும் பயப்படவில்லை. எல்லாரும் பழக்கப்பட்டவர்கள் போல இறங்கித் தள்ளினார்கள். என்னைப் பார்த்து ஒருவர், "மாப்ள, சும்மா கைய வச்சுக்கிட்டு வராதீக, தள்ளுங்க" என்றார். தள்ளினேன். கிளம்பவில்லை. கடைசி மூன்று மைல் ஒரு டிராக்டர் டிரெய்லரில், வைக்கோல் மேல், அரசகுமாரன் போலப் போனேன். இறங்கும்போது பின்பக்கமெல்லாம் வைக்கோல் குத்தி நின்றது.

வழியில் ஒரு கோயிலில் டிரெய்லரை நிறுத்தி செல்லக்கண்ணு ஒரு திரைச்சீலையைக் காட்டினார். தாமரைக்கு நடுவில் வால் நீண்ட ஒரு ராக்கெட் வெடி. சீலையைச் சுட்ட ராக்கெட்டை யார் விட்டது என்று கேட்டதும் பூசாரி தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் விட்டேன், பெண் கொடுக்க வந்தவர்கள் இதைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒன்றைச் செய்தவன் அடுத்த தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிப் போயிருப்பான்.

ஒச்சம்மாளின் ஊர்க் கோயில் சின்னது. பெட்டிச்சாமி கோயில். திருவிழாவுக்கு சாமி சாமான்கள் இருக்கும் பெட்டியைத் தலையில் சுமந்து போவார்கள், அதைச் சுமப்பது பெரிய மரியாதை. கோயில் சுவரில் பழைய சிவப்புத் துணி ஒன்று தொங்கியது. அதன் நடுவில் ஒரு கறுப்பு ஆடு. கம்பளித் துண்டை வெட்டி, சாக்கு தைக்கும் கோணி ஊசியால் தைத்தது. மயிலின் நேர்த்தி இதில் இல்லை. தையல் ஒவ்வொன்றும் கோபத்தோடு விழுந்திருந்தது. ஆட்டின் வலது காதில் இரண்டு வெட்டு.

கோயிலைத் திறந்துவிட்டவர் முன்னே ஊர்த் தலைவராக இருந்த அம்பலக்காரரின் பேரன். என் வயதுதான் இருக்கும். அவர்தான் கதையைச் சொன்னார். ஒச்சம்மாள் அப்போது மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர். முன்னே ஆடு மேய்த்தபோது கருவேலமுள்ளால் இலை தைத்துப் பழகிய கை. அவர் புருஷன் பெட்டி தூக்குகிறவர். ஒரு வருஷம் பெட்டிக்குப் போர்த்தும் துணி கிழிந்துகிடந்தது. அன்று காவலில் இருந்தவர் அவர்தான், தூங்கிவிட்டார் என்று ஊர் கூடி அவரைப் பெட்டி தூக்கக் கூடாது என்று தள்ளி வைத்தது. அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார்.

"அந்தம்மா ஒரு பேச்சுப் பேசல. கிழிஞ்ச துணிய மட்டும் குடுங்க, தச்சுத் தாரேன்னு வாங்கிட்டுப் போச்சு. திருவிழாவுக்கு விரிச்சுப் பாத்தா ஆடு. எங்க வீட்டு ஆட்டுக்குத்தான் காதுல ரெண்டு வெட்டுப் போடுவோம். வேற யாரும் போட மாட்டாக. ஊரே பாக்குது. எங்க தாத்தா அந்த ஆட்டையே பாத்துக்கிட்டு நின்னாராம். அப்புறம் அவரே போயி அந்தாளக் கூட்டியாந்து, பெட்டியத் தூக்கி அவரு தலையில வச்சாராம்."

பிறகு தாத்தா ஒச்சம்மாளைக் கூப்பிட்டு ஊசியைக் கேட்டிருக்கிறார். கொம்பில் ஒரு தையல் கோணலாக இருந்தது. பேரன் அதைத் தொட்டுக் காட்டினார். "இது எங்க தாத்தா போட்டது."

ஆடு சுவரில் இருந்து என்னையே பார்த்தது. எனக்கு முனியாண்டி அண்ணன் தலையாட்டிவிட்டு வெளியே போனது ஞாபகம் வந்தது. டார்ச் லைட் ஜோக்கும் ஞாபகம் வந்தது. அது நல்ல ஜோக் கூட இல்லை.

திரும்பும்போது செல்லக்கண்ணு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிற தொழில்.

நான்காம் நாள் யாரையும் பார்க்காமல் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனேன். குளத்தில் தண்ணீர் இல்லை. நடு மண்டபம் கரையேறிய கப்பல் போல நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்து, சொல்வதை ஒத்திகை பார்த்தேன். ஒரு தடவை, கைதவறி என்று ஆரம்பித்தேன். இன்னொரு தடவை, சூழ்நிலை காரணமாக என்று ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை சூழ்நிலைக்குள் மனைவியையும் இழுத்துவிட்டேன். பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மா, தனியாகப் பேசும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெயில் அதிகம், நிழலுக்குப் போங்க தம்பி என்றார். ஐம்பத்திரண்டு வயதில் என்னைத் தம்பி என்ற ஒரே ஆள். அவரிடம் நான்கு பிஞ்சு வாங்கித் தின்றுவிட்டு எழுந்தேன். இதற்கு மேல் ஒத்திகை பார்த்தால் பொய் மறுபடி நன்றாக மனப்பாடம் ஆகிவிடும்.

காளவாசலில் பேச்சியம்மாள் ஒரு யானையின் துதிக்கைத் தையலில் இருந்தார். நான் உட்காரவில்லை.

"சுருட்டும்மா," என்றேன். "நான்தான்."

எட்டு ஊசியும் நின்றன. நான் வசையை எதிர்பார்த்தேன். உபதேசத்தை எதிர்பார்த்தேன். மன்னிப்பைக்கூடக் கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"நீளச் சுருட்டா, குட்டையாண்ணே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி, மயில் கழுத்து ஓட்டையிலிருந்து அலகு வரைக்கும் வைத்து அளவு பார்த்து, சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. அம்மன் தேரில் சுருட்டா? மயில் சுருட்டுப் பிடிக்கிற மாதிரி ஆகிவிடாதா? கொஞ்சம் வளைத்து, புழு மாதிரித் தைத்தால் என்ன? மயில் புழு தின்னும்தானே?

"பாக்குறவுகளுக்குப் புழுவாத் தெரிஞ்சா தெரியட்டும். என்னான்னு கேட்டா நீங்க சுருட்டுன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

எப்போது சொல்ல வேண்டும் என்றேன். கேட்ட அன்றைக்கு என்றார். அதோடு, வேறு யாரையாவது சொல்லியிருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார், யானையைப் பார்த்துக்கொண்டே. முனியாண்டி அண்ணன் மேல் பழி விழுந்ததைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் முதல் தையல். எத்தனையோ மண்டைகளைத் தைத்த கை இது. மின்சாரம் போன சமயத்தில், நோயாளி என் அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போது கூடத் தைத்திருக்கிறேன். அந்தப் பழுப்பு நூலைக் கோக்க ஆறு தடவை ஆனது. ஊசியை உள்ளே விட்டு இழுத்து, பழக்க தோஷத்தில் ஆஸ்பத்திரி முடிச்சைப் போட்டுவிட்டேன். பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, மயிலுக்குப் பிரசவம் பாத்தாப்புல இருக்கு," என்றாள் ஒருத்தி.

பேச்சியம்மாள் அதைப் பிரிப்பார் என்று நினைத்தேன். மாமியாரிடம் கற்ற கை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கட்டும். அவுகளா இருந்தா பிரிச்சிருப்பாக," என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து தன் தையலைத் தொடங்கினார். பழுப்பு நூலில் சுருட்டு, நுனியில் மூன்றே மூன்று சிவப்புக் கோடு. சாயந்திரத்துக்குள் முடிந்தது. ஒச்சம்மாளின் முள்ளுக்குப் பக்கத்தில் தன் அடையாளம் எதையும் அவர் போடவில்லை. ஏன் என்றதற்கு, இது அவர்கள் துணி, எனக்கு என் துணி இருக்கிறது என்று அந்த யானையைக் காட்டினார்.

அன்று மத்தியானம் முனியாண்டி பெயர் போட்ட கடைக்குத்தான் போனேன். கறி தோசையும் குடல் குழம்பும். பலகை முறைக்கவில்லை, அல்லது நான் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் கமிட்டி கூடியது, வேடிக்கை பார்க்க ஊரும் வந்தது. தொம்பையை விரித்தார்கள். தலைவர் குனிந்து பார்த்து, மயில் வாயில் என்ன, புழுவா என்று கேட்டார். தப்பிக்க இவ்வளவு அழகான வாசலை வாழ்க்கையில் யாரும் எனக்குத் திறந்துவிட்டதில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். சுருட்டு, என்னுடையது, முனியாண்டி அண்ணன் மேல் ஒரு பிசகும் இல்லை. கடைசி வரிசையிலிருந்து என் மனைவி எழுந்து நின்றாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மைக்கை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். முனியாண்டி அண்ணன் வீட்டுக்குத் தலைவரும் நானும் போய் அழைத்து வந்தோம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தீவட்டிக்குப் பின்னால் எண்ணெய் டின் தூக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வருஷம் அது நான் என்று முடிவாயிற்று.

தேர் கிளம்பியது. முன்னால் அவர், பின்னால் டின்னோடு நான். மூலை திரும்பும் இடத்தில் தேர் நின்றபோது அவர் தீவட்டியை உயர்த்தி, தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த மயிலின் கழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் டின்னைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"எண்ணெய் ஊத்துங்க டிரெஸ்ஸர்," என்றார், என் பக்கம் திரும்பாமல். "ஊத்திட்டு, துணியவிட்டுத் தள்ளி நில்லுங்க."

ஊற்றினேன். தள்ளி நின்றேன்.